கூட்டி எழுதிய மூச்சு

நோயாளிகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் டாக்டராகப் பயிற்சி எடுக்க ராஜபாளையத்துக்கு வந்தேன். பஞ்சு மில்லில் வேலை பார்க்கும் பெண்களின் மூச்சிரைப்புக்கு ஒரு மருந்து எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. வாடகை அறையில் தனியாக இருந்தேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

புதன்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் ஆய்வு அறை திறக்கும். மம்சாபுரத்திலிருந்து ஒரு மில் தொழிலாளி அம்மா பஸ் பிடித்து முதல் ஆளாக வந்துவிடுவார். “சாப்பிட்டீகளா டாக்டரம்மா?” என்று என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்; தனியாக இருப்பதை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். தினமும் காலையில் நாங்கள் கொடுத்த சின்ன மீட்டரை ஊதி, மூச்சின் வேகம் காட்டும் எண்ணை அவர் நோட்டில் எழுதிவர வேண்டும். முதலில் எண் இறங்கியது; எனக்கு மனசே விட்டுப்போயிற்று. பிறகு வாராவாரம் ஏறியது. “அடேயப்பா!” என்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பேன். நோட்டைப் படிக்கும்போது முகத்தில் எதையும் காட்டாதே என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். போங்கப்பா, இதெல்லாம் ஒரு பாடமா என்று நினைத்தவள் நான்.

ஒரு புதன்கிழமை அவர் படியேறி வந்து, பேச முடியாமல் உட்கார்ந்தார். உதடு கறுத்திருந்தது. என் எதிரிலேயே ஊதச் சொன்னேன். முள், நோட்டில் இருந்ததில் பாதிகூடப் போகவில்லை. எனக்கு வந்ததே கோபம்.

“யாரை ஏமாத்துறீங்க? இது என்ன விளையாட்டா?”

அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். “கொறஞ்சா ஒங்க மூஞ்சி வாடிப்போகுது. ஒத்தையில கெடக்குற புள்ள... கூடுனா அம்புட்டுச் சிரிக்கீக. அதான் கொஞ்சம் கூட்டி எழுதுனேன்.”

“எத்தனை நாளா?”

“ஒரு மாசம் இருக்கும்.”

ஒரு மாதமாக அந்த நுரையீரல் கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது. நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கவனமாகக் கேட்க வேண்டியவள், நோட்டைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சீ, நானும் ஒரு டாக்டர்!

ஆக்சிஜன் வைத்து மதுரைக்கு ஆம்புலன்சில் கூட்டிப் போனேன். வழிநெடுக அவர் என் கையை விடவில்லை. அவரை அங்கே சேர்த்துவிட்டு, என் பேராசிரியருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாவை ஆய்விலிருந்து எடுத்துவிடு என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன்.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பழைய மூச்சு திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த டாக்டர். மீட்டரைக் கொடுத்து ஊதச் சொன்னார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி ஊதினார். ஊதி முடித்தவர் முள்ளைப் பார்க்கவில்லை. கட்டிலோரம் நின்ற என் முகத்தைத்தான் பார்த்தார்.

“செத்த நேரம் இருங்கம்மா” என்று சொல்லிவிட்டு, என் முகம் அவருக்குத் தெரியாதபடி நான் வெளியே வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.