வாப்பா நீட்டத் தயங்கிய ஜகாத்

என் மாமி, அதாவது வாப்பாவின் தங்கை, பள்ளிச் சீருடை தைப்பவர். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஜன்னலோரம் தையல் மிஷின், கட்டிலுக்கு அடியில் துணிக்கட்டுகள். மாமா இறந்த பிறகு பதினொரு வருடமாக அந்த மிஷின்தான் அவருக்குச் சோறு போட்டது. யாரிடமும் கை நீட்டியதில்லை. அதனாலேயே அவருக்கு ஒன்றும் தேவையில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ரமலான் வந்தால் வாப்பா, வருடந்தோறும் ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டிய தன் ஜகாத்தில் ஒரு பகுதிக்குத் துணி எடுத்து, இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெருநாள் சட்டை கொடுப்பார். தைப்பது மாமிதான். கூலி வாங்கமாட்டார். இதற்கும் கூலி வாங்கினால் தன் நோன்பே தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்பார்.

பள்ளி முடித்துவிட்டு வீட்டில் கால் தங்காமல் திரிந்த எனக்கு, துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சட்டைகளை வாங்கி வரும் வேலை. என்னைக் கண்டதும், "வந்துட்டா பாரு, காலுல சக்கரம் கட்டுனவ. உன் கண்ணு சும்மாதானே இருக்கு, இந்த ஊசியில நூலைக் கோத்துட்டுப் போ" என்பார். ஒரே தடவையில் ஏழெட்டு ஊசி கோத்து வைக்கச் சொல்வார். சோம்பேறித்தனம் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

இந்த ரமலானில் வந்த சட்டைகளில் மூன்று, துணியின் உள்பக்கம் வெளியே தெரியும்படி தைக்கப்பட்டிருந்தன. ஓசி வேலை என்றால் இப்படித்தான் என்று உம்மா முணுமுணுத்தார். பிரித்துத் தைக்கச் சொல்ல நான் எடுத்துப் போனேன். மாமி ஒரு சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். எது உள், எது வெளி என்று அப்போதும் அவருக்குத் தெரியவில்லை.

நான் விடாமல் கேட்டேன். சர்க்கரை கண்ணுக்குள் இறங்கிவிட்டதாம். போன ரமலானுக்கு முன்பே டாக்டர் மாதம் ஒரு ஊசி கண்ணில் போடச் சொல்லியிருக்கிறார். ஒன்று போட்டுக்கொண்டார். மற்றவற்றுக்கு வழியில்லை.

வீட்டில் சொன்னேன்.  தங்கை மெலிந்துபோனதை வாப்பா போன வருடமே கவனித்தாராம். கொடுக்கவும் நினைத்தாராம்.

"கூடப் பொறந்தவகிட்ட போயி, இந்தா ஜகாத்துன்னு எப்படி நீட்டுறது? மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிடாதா?"

அப்படி யோசித்து, போன வருடம் அந்தப் பங்கை முன்பின் தெரியாத யாருக்கோ அனுப்பிவிட்டாராம். நான் சொன்னதற்கு மறுநாள் பள்ளிவாசல் இமாமிடம் போய்க் கேட்டார். கஷ்டப்படும் உடன்பிறப்புக்குக் கொடுப்பதில் இரட்டிப்பு நன்மை என்றாராம் அவர். ஜகாத் என்று வாயால் சொல்ல வேண்டியதே இல்லை, மனதில் நினைத்தால் போதும் என்றும் சொன்னாராம்.

அன்றே மாமியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வலது கண்ணில் பார்வை இனி திரும்பாது என்றார் டாக்டர். இடது கண்ணில் ஆள் நிழலாகத்தான் தெரியும். ஊசி போட்டால் அதையாவது காப்பாற்றலாமாம்.

திரும்பி வந்து வாப்பா ஒரு கவரை மாமியின் கையில் வைத்தார். ஊசிச் செலவுக்கு என்று மட்டும் சொன்னார். மாமி விரலால் கவரின் ஓரத்தைத் தடவினார்.

"ஜகாத்தா அண்ணே?"

வாப்பா மாமியின் விரல்களைக் கவரின் மேல் மூடிவிட்டார்.

"இருந்தா என்ன? போன வருஷமே குடுத்திருந்தாலும் வாங்கியிருப்பேன். கேக்கத்தான் வாய் வரல."

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் தாடியில் இறங்கிச் சட்டையை நனைத்தது. வாயைக் கையால் பொத்தியிருந்ததால் சத்தம் வரவில்லை. மாமி அவர் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"என்ன அண்ணே, கோவமா? பேச்சையே காணோம்?"