அக்கா சூப்

டவுன் பஸ் ஓட்டும் அந்த டிரைவருக்கு டிப்போவில் வைத்த பெயர் நிதானம். தூரத்தில் மஞ்சள் விளக்கைக் கண்டாலே பிரேக்கை மிதித்துவிடுவார். அவர் வண்டியில் ஏறினால் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழலாம் என்பார்கள். பேச்சிலும் அப்படித்தான். கட்டினவளிடம் சொல்ல வேண்டியதைக்கூட நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட மனிதர். போன வருஷம் அவள் பொசுக்கென்று போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கடைசி நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் உணவகத்தில் இருபது வருஷம் சமைத்தவள் அவள். முதலாளி அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கும் அவள் அக்காதான். மெனு அட்டையில் இன்னும் அப்படியே இருந்தது: "அக்கா சூப். மீன், தக்காளி, பூண்டு, எலுமிச்சை. எங்கள் அக்காவின் கைப்பக்குவம்."

நிதானம் தினமும் மத்தியானம் வந்து ஒரு டீ மட்டும் சொல்வார். அட்டையைக் கையில் எடுத்து அந்த வரியைப் படிப்பார். வாடகைப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் அவள் பெயரை அடித்தாகிவிட்டது. அடிக்காமல் வைத்திருந்த காகிதம் அது ஒன்றுதான்.

ஒரு புதன்கிழமை, பக்கத்து மேஜையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். வாராவாரம் அந்த சூப்புக்காகவே வருகிறவர், இத்தனை நாளும் பொறுத்துப் பார்த்தவர்.

"முதலாளி, அட்டையில போட்டிருக்கிறது ஒண்ணு, கிண்ணத்துல இருக்கிறது ஒண்ணு."

"என்ன குறை சார்?"

"குறையே இல்ல. ஆனா இது அக்கா சூப் இல்ல. வெறும் மீன் சூப்னு போடுங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன்."

புதிதாக வந்த சமையல்காரப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அக்கா எதையும் எழுதி வைத்தவளில்லை. இவள் அக்காவைப் பார்த்ததுகூட இல்லை. மெனு அட்டையைப் பார்த்தே சூப் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுல இருக்கிற நாலையும் போட்டிருக்கேனே சார்," என்றாள், அழாத குறையாக.

முதலாளி சலித்துக்கொண்டார். "எதுக்கு வம்பு? நான் மீனே தொடறதில்ல. நாளைக்குப் புது அட்டை அச்சுக்குப் போகுது. அண்ணே, நீங்களே ருசி பார்த்துச் சொல்லுங்க. அக்கா கை இல்லைன்னா அந்தப் பேரையே எடுத்துடுறேன்."

நிதானத்தின் முன்னால் ஒரு கிண்ணம் வந்தது. ஒரு வாய் குடித்தார். சூடாக இருந்தது, புளித்தது, பூண்டு மணத்தது. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் ஆசையாக ஒரு டப்பாவில் அதைக் கொண்டுவந்தாள். "ஓட்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்காது, வீட்டுல ஏதாவது வை," என்று டப்பாவைத் திறக்காமலே தள்ளிவிட்டார் ஐயா. நாள் முழுக்க அடுப்படியில் நின்ற காலோடு மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். அதன்பிறகு இருபது வருஷம் அவளும் கொண்டுவரவில்லை, இவரும் கேட்கவில்லை.

"இதேதான்," என்றார் நிதானம். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக யோசிக்காமல் பேசினார். "அவ கைப்பக்குவம் அப்படியே இருக்கு."

கண்ணாடிக் கடைக்காரரின் முகம் சுருங்கியது. "நீங்க சொன்னா சரிதான். வீட்டுக்காரர்கிட்ட நான் என்ன வாதாடறது? என் நாக்குதான் செத்துப்போச்சு போல." பாதி சூப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

"அப்பாடா! இனிமே ஒரு சொட்டு மாத்தாம இப்படியே செய்றேன் அண்ணே," என்றாள் அந்தப் பெண்.

அட்டையில் பேர் தப்பித்துவிட்டது. அவள் சமைத்தது எப்படி இருக்கும் என்று அறிந்த ஆளோ வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். நிதானம் ஓடினார். டிப்போக்காரர்கள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

தெருமுனையில் பிடித்துவிட்டார். "சார், எப்படி இருக்கும்?"

"எது?"

"அவ செஞ்சது. நான் ஒரு நாள்கூட சாப்பிட்டதில்ல சார்."

அந்த மனிதர் சிரித்திருக்கலாம், திட்டியும் இருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. "புளிப்பு முதல்ல தெரியாதுங்க. முழுங்கின பிறகுதான் வரும். பூண்டு கருகப் போகுதுங்கிற நேரத்துல எடுத்துடுவாங்க. ஒரு தடவை தொண்டை கட்டிப்போய் வந்தேன். நான் கேக்கவே இல்ல, காரத்தைக் குறைச்சு அனுப்பியிருந்தாங்க. என் குரலை வெச்சே கண்டுபிடிச்சிருக்காங்க."

வேற்று மனிதர் ஒருவர் தன் பெண்டாட்டியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நிதானம் நடுத்தெருவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து உணவகத்துக்குள் கூட்டிவந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இவர் சொல்ற மாதிரி செய்யும்மா," என்றார். "பேரை எடுக்கணும்னா எடுத்துடுங்க முதலாளி. நான் சொன்னது பொய். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."