கபருக்குப் போக ஒரு டிசைன் ஹோட்டல்

நவாஸ் அண்ணே… நம்ம அம்மாவைக் கண்ணாடிச் சுவர் வைத்த பாத்ரூமில் குளிக்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நீ கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், கொஞ்ச நாளாக நான் எழுதவில்லை. என் அண்ணன் நவாஸ் மௌத்தாகிவிட்டான். கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிற வேலை. காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. எங்கள் வழக்கப்படி சீக்கிரமே அடக்கம் செய்ய வேண்டும் என்று அங்கேயே அடக்கிவிட்டார்கள். எங்களுக்கு வந்தது ஒரு போன், ஒரு போட்டோ. போட்டோவில் ஒரு மண்மேடு. அதுதான் அவன் கபராம்.

அம்மா நம்பவில்லை.

அழவும் இல்லை. "ஆள மாத்திப் பாத்திருப்பானுங்க. நவாஸ்னு நம்ம தெருவுலயே எத்தன பேரு" என்றாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்து, "பெருநாளைக்கு வர்றேன்னிருக்கான்" என்று சொல்லி அனுப்பினாள். வந்தவர்கள் அழுதுகொண்டே போனார்கள். இவள் டம்ளர் கழுவப் போய்விட்டாள்.

பெற்றவளுக்குக் கபரைக் காட்டாமல் எப்படி நம்ப வைப்பது? அந்தப் போட்டோவை வைத்தா?

முடிவு பண்ணிவிட்டேன். கூட்டிக்கொண்டு போகிறேன். என் கல்யாணத்துக்கு என்று அண்ணன் அனுப்பி வைத்த பணம் பேங்கில் கிடந்தது. கல்யாணம் நிற்கட்டுமே… ஓடியா போகிறது? அம்மாவும், "வா, ஆள மாத்திட்டானுங்கன்னு நேர்லயே காட்டுறேன்" என்று சம்மதித்துவிட்டாள்.

இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் இருந்தது. மலேசியாவுக்கு இப்போது விசா வேண்டாம் என்றார்கள். திருச்சியில் ஏறினால் நேராக அங்கே. சிக்கல் எங்கே என்றால், அம்மாவின் முழங்காலில். திருத்துறைப்பூண்டியில் எங்கள் வீட்டு வாசலுக்கு இரண்டே படி. அதை இறங்குவதற்கு அவளுக்கு என் தோளும் வேண்டும், சுவரும் வேண்டும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு காலத்தில் மலேசியாவுக்கு ஜவுளி கொண்டுபோய் விற்றவர். அந்த ஊர் அவருக்கு அத்துப்படி — அவரே சொல்வார்.

"பள்ளிவாசல் பக்கத்துல நம்மாளு லாட்ஜ் இருக்கு புள்ள. இட்லி கெடைக்கும், தமிழ்ல பேசிக்கலாம். வேற என்ன வேணும்?"

லாட்ஜுக்குப் போன் போட்டேன். "பாய், லிஃப்ட் இருக்குங்களா?"

"லிஃப்ட் எதுக்கும்மா? படி நல்லா அகலமா இருக்கும்."

"எத்தனாவது மாடி?"

"மூணுதான்."

மூணுதானாம்!

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனால் போனில் தேடுவதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அண்ணனை அடக்கிய கபருஸ்தானுக்கு ரயிலில்தான் போக வேண்டும். ஒவ்வொரு ஹோட்டலாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லா ஹோட்டலும் ரயில் ஸ்டேஷனுக்கு 'மிக அருகில்'தான் இருக்கிறது. அருகில் என்றால்… யாருடைய காலுக்கு?

முருகேசன் அண்ணனைப் பிடித்தேன். நவாஸோடு ஒரே ரூமில் தங்கியிருந்தவர், திருவிடைமருதூர்க்காரர். "அண்ணே, ஹோட்டல் வாசல்லேர்ந்து ரயில் ஏறுற எடம் வரைக்கும் நடந்து வீடியோ எடுத்து அனுப்புங்க" என்றேன். பாவம், வேலை முடித்த களைப்போடு எனக்காக ஒவ்வொன்றாக நடந்தார். ஒன்றில் மேம்பாலம். ஒன்றில் நகரும் படி — அம்மா அதில் கால் வைப்பதற்குள் ரயில் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். கடைசியாக ஒரு நாள் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கெடச்சிருச்சு. ஹோட்டல் லிஃப்ட்லயே கீழ எறங்குனா சுரங்கப்பாத. நேரா நடந்தா ஸ்டேஷன். அங்க இன்னொரு லிஃப்ட், பிளாட்பாரத்துலயே விட்டுரும். ஒரு படி கெடயாது. ஆனா…"

"என்ன ஆனா?"

"ஹோட்டல் ஒரு மாதிரி இருக்கு. கட்டி முடிக்காத மாதிரி."

டிசைன் ஹோட்டலாம் அது. சுவரெல்லாம் பூசாத சிமென்ட். பல்பு கயிற்றில் தொங்குகிறது. நாற்காலி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கோணல். இருக்கட்டும். லிஃப்ட் நேராகத்தானே போகும்? ரூம் போட்டுவிட்டேன்.

போட்டோவைப் பார்த்த மாமாவுக்கு வந்ததே கோபம். "மௌத்து வீட்டுக்காரங்களுக்கு டிசைன் ஹோட்டலு கேக்குதோ? கபரப் பாக்கப் போறீங்களா, தேனிலவு போறீங்களா?"

"அந்த லாட்ஜுல மூணு மாடிக்கு அம்மாவ நீங்க தூக்கிட்டுப் போறீங்களா மாமா?"

"அதில்ல புள்ள… மொதல்ல பொம்பளைங்க கபருஸ்தானுக்குப் போறதே—"

"அத உங்க அக்காகிட்ட சொல்லுங்க."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். மாமா கிளம்பிவிட்டார்.

கோலாலம்பூர் போய் ஹோட்டலுக்குள் நுழைந்ததும் அம்மா சுவரைத்தான் தடவிப் பார்த்தாள். "பூச்சு வேலைக்கு ஆள் வரலியா?"

கவுன்டரில் இருந்தது அந்த ஊர்த் தமிழ்ப் பெண். "இல்லம்மா, இதான் ஸ்டைலு."

"வாடகையில கொறச்சுக்குவீங்களா?"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

ரூமைத் திறந்தால்… படுக்கைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே முழுக்கக் கண்ணாடி. எந்த மகராசன் யோசித்த டிசைனோ, அவன் தன் அம்மாவோடு எங்கேயும் போய்த் தங்கியிருக்க மாட்டான்!

"யா அல்லா! மீன் தொட்டியாடி இது? நான் ஊருக்குப் போயே குளிச்சுக்கறேன்."

அம்மாவின் வெள்ளைத் துப்பட்டியை எடுத்துக் கண்ணாடிக் கதவின் மேல் போட்டேன். ஒரு பக்கம் மறைத்தால் மறுபக்கம் தெரிகிறது. என் சேலையையும் சேர்த்துக் கட்டினேன். உள்ளே இருந்து தண்ணீர் சத்தமும் அம்மாவின் குரலும்: "நவாஸு இருந்தா நம்மள வச்சு ஓட்டியே தீத்துருவான்." சிரித்துவிட்டாள். அவன் போனதிலிருந்து அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்னமும் அவனை எதிர்பார்த்துக்கொண்டல்லவா சிரிக்கிறாள்?

மறுநாள் லிஃப்ட், சுரங்கப்பாதை, மறுபடி லிஃப்ட், ரயில். அம்மா ஒரு இடத்திலும் "காலு" என்று சொல்லவில்லை. இறங்கிய இடத்தில் முருகேசன் அண்ணன் காரோடு நின்றார். கபருஸ்தான் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

கேட்டில் அம்மா நின்றுவிட்டாள்.

எங்கள் ஊரில் பெண்கள் அதற்குமேல் போவதில்லை. அத்தாவை — அப்பாவைத்தான் நாங்கள் அத்தா என்போம் — அடக்கிய கபருஸ்தான் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கிறது. அத்தா எந்த மூலையில் கிடக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆண்கள் போய் ஓதிவிட்டு வருவார்கள், நாங்கள் வீட்டில் இருந்துகொள்வோம். அந்தப் பழக்கம் கடல் தாண்டியும் காலைப் பிடித்துவிட்டது.

"நீ போய் ஓதிட்டு வா முருகேசா."

"நான் என்னத்தம்மா ஓத?"

அப்போது ஒரு மலாய்க் குடும்பம் எங்களைத் தாண்டி உள்ளே போனது. பாட்டில் நிறையத் தண்ணீர், உட்காரப் பாய், குழந்தைகள், முன்னால் மூன்று பெண்கள். அம்மா அவர்களையே பார்த்தாள்.

"இவங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"இங்க எல்லாரும் போவாங்கம்மா."

அம்மா முருகேசன் அண்ணன் பக்கம் திரும்பிக் கேட்டாள். "அடக்குறப்ப நீ இருந்தியா?"

"இருந்தேம்மா. நானும் மண்ணு போட்டேன்."

"மூஞ்சியப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நவாஸுதானா?"

முருகேசன் அண்ணன் தலையை ஆட்டினார். அம்மா விடவில்லை. "வாயத் தொறந்து சொல்லுடா."

"நவாஸ்தாம்மா."

அம்மா கேட்டைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். முருகேசன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

கால் மடங்காது. நீட்டிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தாள். சலாம் சொன்னாள். அப்புறம் திட்டினாள். "இங்க வந்து படுத்துக்கிட்டியாடா? என்னக் கேட்டியா? ஒரு வார்த்த என்னக் கேட்டியாடா?" பிறகுதான் அழுதாள். சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் அழுதாள். நான் தடுக்கவில்லை. எதற்குத் தடுக்க வேண்டும்? அதற்காகத்தானே கூட்டிக்கொண்டு வந்தேன்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று படித்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கே இருந்த மிச்ச நாளெல்லாம் காலையில் அம்மாதான் முதலில் கிளம்பி, லிஃப்ட் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். தினமும் போனோம். குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினாள், தண்ணீர் ஊற்றினாள், கையால் மண்ணைத் தடவிச் சமன் செய்தாள். பிள்ளைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி இருந்தது எனக்கு.

ஊர் திரும்பிய அன்றே மாமா வந்துவிட்டார். சுற்றி வளைத்துக் கேட்டார். "அக்கா… உள்ளயெல்லாம் போகலீல்ல?"

"போனேன். எம்புள்ள தலமாட்டுல ஒக்காந்து ஓதுனேன்" என்றாள் அம்மா. "ஒம் மச்சான் எங்க இருக்காருன்னு உனக்குத் தெரியுமில்ல? வெள்ளிக்கெழம வந்து காட்டு. கேட்டத் தொறந்து வைக்கச் சொல்லிட்டு வா."

மாமா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

இன்று வியாழன். அம்மா துப்பட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். நாளை என்ன பேச்சு வந்தாலும் அத்தாவைப் பார்க்க நான் கூடப் போகிறேன்.

நீங்கள் எல்லாரும் என் அண்ணன் நவாஸுக்காக ஒரு துஆ செய்யுங்கள். எந்தச் சாமியிடம் கேட்டாலும் சரி… கேளுங்கள்.