சொட்டும் எழுத்து

சுரங்கத்தில் பாறை வெடித்து ஆள் செத்தால், ஷாஃப்ட் வாசலில் மாட்டும் கறுப்புப் பலகையில் பெயர் எழுதுவது பெயிண்டர் தம்மபாலனின் வேலை. முதல் முறை எழுதும்போது கடைசி எழுத்திலிருந்து வெள்ளை பெயிண்ட் வழிந்து இறங்கிவிட்டது. அடுத்த முறை சுத்தமாக எழுதினான். வாசலில் நின்ற பெண்கள், "போன தபா மாதிரி இல்லியே, நெசமாத்தான் செத்தாங்களா?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து கடைசி எழுத்தில் அவனே அப்படி ஒரு வாலை இழுத்துவிடுவான். வால் இருந்தால் சாவு. தங்கவயலில் எல்லோருக்கும் தெரியும்.

தங்கவயலிலேயே பாலகாட் பக்கம் மூடிக்கிடந்த ஷாஃப்டில் பேய்ப்படம் எடுக்க மெட்ராஸ்காரர்கள் வந்தது அறுபத்தாறில். பெயிண்ட் ஷெட்டில் சாய்த்திருந்த பழைய பலகையை டைரக்டர் பார்த்தார்.

"ரத்தம் சொட்டுற மாதிரியே இருக்கு. யார் கை இது?"

"எங்கைதான் சார்."

"டைட்டில் முழுக்க இப்படியே கண்ணாடியில எழுதிக்கொடு. கடைசியில உன் பேரும் வரும்."

அந்தக் கடைசி வார்த்தையில் அவன் விழுந்தான். அத்தனை பேர் பெயரை எழுதியவன். அவன் பெயரை யார் எங்கே படிப்பார்கள்? செத்தால்கூடப் பலகையில் வராது, அவன் கீழே இறங்கும் ஆள் இல்லை.

நடிகர்கள் பெயருக்கெல்லாம் வால் வைத்தான். மனைவி சாரதாவுக்கு ஆகவில்லை.

"உம் பேருக்காவது வேணாய்யா."

"பேய் பிசாசெல்லாம் பொய்னு புத்த சங்கத்துல பேசுனதுக்குக் கைதட்டிகினு வந்தவ நீ. சும்மா இரு."

படம் ஊருக்கு வந்தது. 'எழுத்து: தம்மபாலன்' என்று திரையில் விழுந்ததும் எவனோ கத்தினான்: "டேய், பெயிண்டரு போய்ட்டாருடா." கொட்டகையே சிரித்தது. தம்மபாலனும் சிரித்தான். அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததே இல்லை.

பிறகு ஷிப்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டு டப்பாவை நீட்டினார்கள். "நம்ம பேரையும் எழுதி ஒரு வாலு போடு மாமா." போட்டான். பக்கத்து வீட்டு முனியப்பன் டப்பாவுக்கும் போட்டான். முனியப்பன் மனைவி மாலா திட்டிக்கொண்டே சிரித்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பாறை வெடித்தது. ஆள்கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசில் சொன்ன பெயரைத் தம்மபாலன் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டான். அப்புறம் எழுதினான். பழக்கத்தில் வாலும் இழுத்தான்.

விபத்துச் சங்கு கேட்டு மாலா ஓடிவந்தாள். பலகையைப் படித்தாள். பிறகு மூச்சுவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா அண்ணா, டப்பாவுல எழுதினது போதாதா? இங்கயும் உன் சினிமாவா? உசுரே பூட்ச்சி."

சாவைச் சொல்வது எப்போதும் பலகையின் வேலையாகவே இருந்தது.

"அழி அண்ணா. மத்தவங்க பாத்தா பயந்துக்குவாங்க." அவன் அசையாமல் நிற்கவே, அவளே கையை வைத்துத் துடைத்தாள். பெயிண்ட் காயவில்லை. புருஷன் பெயர் உள்ளங்கையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்தும் சிரித்தாள்.

தம்மபாலன் பிரஷ்ஷை பெயிண்ட் டப்பாவில் தோய்த்து, அழிந்த இடத்திலேயே மறுபடி எழுத ஆரம்பித்தான்.

முதல் எழுத்து முடிவதற்குள் அவள் சிரிப்பு நின்றது.