இறங்கி வராத ஜனங்கள்

டிப்போவில் அவளுக்குக் கேள்வியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. புது பஸ் வந்தால் மற்ற டிரைவர்கள் சீட் மெத்தென்று இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்ப்பார்கள். இவள் அது ஏன் இப்படி, இது எதற்கு அங்கே என்று மெக்கானிக்கின் உயிரை வாங்கிவிட்டுத்தான் சாவியைக் கையில் வாங்குவாள்.

தலைநகரின் பெரிய சாலையில் வருஷக்கணக்காகப் பஸ் ஓட்டியவள். அந்தச் சாலையின் நடுவே தண்டவாளம் போட்டார்கள். அறிவிப்புப் பலகையில் அதற்கு இலகு ரயில் என்று பெயர், ஜனங்கள் வாயில் சின்ன ரயில். அது ஓடத் தொடங்கிய மாதமே அவளுடைய ரூட்டை நிறுத்திவிட்டார்கள். இதில் வேடிக்கை, அவள் கணவனுக்கு வேலையே அந்தச் சின்ன ரயிலில்தான். தண்டவாளம் பிரிகிற இடங்களில் குப்பையும் கல்லும் சேராமல் பார்த்துக்கொள்வான். உங்கள் ரயில் என் ரூட்டைத் தின்றுவிட்டது என்று அவள் தினமும் சோறு போடும்போது ஒரு இடி இடிப்பாள். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவான். பிழைக்கத் தெரிந்த மனுஷன்.

அவளுக்குக் கிடைத்தது மேட்டுப் பஸ். சின்ன ரயில் நிலையத்தில் புறப்பட்டு, குன்றைச் சுற்றிச் சுற்றி ஏறி, உச்சியில் இருக்கும் குடியிருப்பில் ஜனங்களை இறக்கிவிட்டுத் திரும்பும் ஒரு சின்ன பஸ். ஏறும்போது மூச்சு விட இடம் இருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், டீச்சர்கள், காய்கறிப் பையோடு வருபவர்கள், கடைசி நொடியில் கதவில் தொற்றிக்கொள்பவர்கள் என்று பஸ் பிதுங்கும். இறங்கும்போது காலி. ஒரே ஒரு ஆள் மட்டும் காலையில் அவள் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வருவார். அவர் நிலையத்துக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருப்பவர்.

அவளுக்கு மண்டை குடைந்தது. தினமும் இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போய் விடுகிறோமே, இவர்களெல்லாம் அப்புறம் எங்கேதான் போகிறார்கள்? மேலே போனவர்கள் போனவர்கள்தானா? மறுநாள் பார்த்தால் அதே முகங்கள் கீழே வரிசையில் நிற்கின்றன. ஒருத்தியைக் கேட்டதற்கு, நடந்துதான் வருவோம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நடந்தா? எந்தச் சாலையில்? இவள் ஓட்டுகிற சாலையில் ஒரு ஈ காக்கை நடந்து பார்த்ததில்லை.

சலூன்காரருக்குப் பதில் தெரியும். தெரிந்தும் சொல்லமாட்டார். தினமும் இவள் ஒரு யூகம் சொல்ல, அவர் சீட்டில் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். ரகசியச் சுரங்கம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

“சொல்லிட்டா அப்புறம் நாம எதைப் பேசறது, தங்கச்சி?” என்பார்.

நிலையத்தில் எல்லோருக்கும் கடைசியாகத்தான் இறங்குவார், அந்த எல்லோரும் அவர் ஒருவரே என்றாலும். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்து, அது நின்ற பிறகு மறு காலை எடுப்பார். நாள் முழுக்க நின்று முடி வெட்டிய முழங்கால். ஏறிவிடுவேன், இறங்கத்தான் உயிர் போகிறது என்று ஒருமுறை சொல்லியிருந்தார்.

அப்போதுதான் மேனேஜர் கூப்பிட்டார். மேட்டுப் பஸ் பாதி நேரம் காலியாக ஓடுகிறது, மேலிடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றார். அவருக்கே வருத்தம்தான், கோப்பைத் திறந்து திறந்து மூடினார். பஸ் நின்றால் அவளுக்கு டிப்போவுக்குள்ளேயே வேலை. கழுவின பஸ்ஸை எடுத்து வரிசையில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ரோடு இல்லை, ஜனம் இல்லை, கேட்க ஒரு கேள்வியும் இல்லை. இத்தனை ஜனம் எப்படித்தான் இறங்குகிறது என்று கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தாள்.

வார விடுமுறை நாளில் புடவையை மாற்றிக்கொண்டு தன் பஸ்ஸிலேயே பயணியாக ஏறினாள். உச்சியில் இறங்கி, காலிக் கூடையோடு போன ஒரு அம்மாவின் பின்னாலேயே நடந்தாள். அந்த அம்மா இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மூன்றாவது தடவை நின்று, என்ன வேண்டும் என்று முறைத்தாள். இவள் மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னதும், அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

இரண்டு அடுக்குமாடிகளின் சுவர்களுக்கு நடுவே ஒரு படிக்கட்டு. செங்குத்தான உயரப் படிகள், ஒரு பக்கம் இரும்புக் கைப்பிடி. விறுவிறுவென்று இறங்கினால் நேராகச் சின்ன ரயில் மேடைக்கே போய்விடலாம். ஏறத்தான் யாராலும் முடியாது. கீழே நின்று பார்த்தால் அடுக்குமாடிக்காரர்களின் சொந்தப் படி என்றே தோன்றும். இவ்வளவுதானா சங்கதி! இவள் குன்றையே ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அவர்கள் இரண்டாவது ரயிலைப் பிடித்திருப்பார்கள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் கணவனிடம் மூச்சு விடாமல் சொன்னாள்.

“அந்தப் படிக்கட்டா? தெரியுமே” என்றான் அவன். “அதுக்கு அடியிலதான் தினம் உக்காந்து டீ குடிக்கிறோம்.”

அன்றைக்கு அவன் தட்டில் இரண்டாம் முறை சோறு விழவில்லை.

ஆனால் அதற்குள் அவள் மனதில் ஒரு யோசனை ஓட ஆரம்பித்துவிட்டது. குன்றின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு குறுக்குச் சாலை உண்டு. சரிவு அதிகம் என்பதால் ஆட்களை ஏற்றிக்கொண்டு அதில் பஸ் போகக் கூடாது. காலி பஸ் போகலாம். இறங்க யாரும் வராதபோது எதற்கு இந்தச் சுற்று? கதவைச் சாத்திக்கொண்டு குறுக்கே இறங்கினால் இன்னொரு முறை ஏற்றிவிடலாமே. கீழே வரிசையில் காத்து நிற்பவர்களும் ஏறிவிடுவார்கள், பஸ்ஸும் பிழைக்கும்.

அவள் போய்ச் சொன்னதும் மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். ஓட்டிப் பார்த்தார்கள், மேலிடமும் தலையாட்டியது. பழைய சாலையில் கடைசியாக இறங்கிய நாள் காலையில், சாலையில் வைத்த கண் எடுக்காமல் சலூன்காரரிடம் அத்தனையும் சொன்னாள். படிக்கட்டைக் கண்டுபிடித்துவிட்டேன், இனி என்னை ஏமாற்ற முடியாது என்றாள். இந்த முறை பின்னாலிருந்து சிரிப்பு வரவில்லை.

“நல்லது தங்கச்சி. பஸ் நிக்கலை பாரு, அதுதான் முக்கியம்” என்றார்.

முதல் மூன்று நான்கு நாள் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சர்ரென்று இறங்குவதும், வரிசையை அப்படியே வாரி ஏற்றிக்கொண்டு போவதுமாக ஒரே கொண்டாட்டம். பிறகு ஒரு நாள் காலையில், கீழே வரிசை சேரக் காத்திருந்தபோது, கண்ணாடியில் காலி சீட்டைப் பார்த்தாள். சலூன் அண்ணன் எங்கே? சலூன் இன்னும் பூட்டியிருந்தது. இறங்கிப் போய், டீ குடித்துக்கொண்டிருந்த கணவனைக் கேட்டாள். அவன் வாயில் டீயை வைத்துக்கொண்டு தலையை மேலே தூக்கிக் காட்டினான்.

படிக்கட்டின் பாதியில் ஒருவர் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார். முகம் மேலே, முதுகு கீழே. இரண்டு கையும் கைப்பிடியில். ஒரு காலைப் பின்னால் நீட்டித் துழாவி, படி கிடைத்ததும் நிறுத்தி, அடுத்த காலை இறக்கினார். இளவட்டங்கள் அவரைச் சுற்றி விலகி ஓடினார்கள்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரில் உள்ளவர்கள் எல்லாம் எங்கே போகிறார்கள் என்று துருவித் துருவி ஆராய்ந்தாளே, கூடவே உட்கார்ந்து வந்த ஒருவர் இனி எப்படி வருவார் என்று ஒரு வார்த்தை கேட்டாளா? அன்றைய டியூட்டி முடிந்ததும் மேனேஜரிடம் ஓடினாள். ஒரே ஒருவருக்காகக் கதவைத் திறக்கலாமா என்று கேட்டாள். குறுக்குச் சாலையில் ஆள் ஏறினால் அவளுடைய லைசென்ஸ் போகும். பழைய சாலைக்குத் திரும்பினால் பஸ்ஸே போகும் என்றார் மேனேஜர். அவர் சொன்னதில் தப்பு சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை, கீழே பஸ்ஸை நிறுத்திவிட்டு அவள் படியேறினாள். உண்மையிலேயே ஏற முடியாத படிதான். சலூன்காரர் முதுகுக்கு இரண்டு படி கீழே வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

“யாருங்க பின்னால? கொஞ்சம் ஒதுங்குங்க, வண்டி ரிவர்ஸ்ல வருது” என்றார் அவர்.

“ஏன் அண்ணே அன்னைக்கே சொல்லலை?”

அவர் திரும்பவில்லை, திரும்பவும் முடியாது. குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டார்.

“சொல்லியிருந்தா நீ அந்த யோசனையை விட்டிருப்ப. பஸ் போயிருக்கும். அப்புறம் சாயங்காலம் நான் எப்படி வீட்டுக்கு ஏறறது?”

கேள்வியக்காவுக்கு மேற்கொண்டு கேட்க எதுவும் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அப்புறம், டிப்போவில் ரிவர்ஸில் வரும் பஸ்ஸைத் தட்டி வழி சொல்வது போலக் கைப்பிடிக் கம்பியைப் படபடவென்று தட்டினாள்.

“வரலாம்… வரலாம்… கொஞ்சம் லெஃப்ட்ல… நேரா… வரலாம்…”

அவர் தோள் குலுங்கியது. கால் பின்னால் நீண்டு, துழாவாமல் படியில் நின்றது. கீழே மேட்டுப் பஸ் புறப்பட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, வரிசை நீண்டிருந்தது. அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்களே தவிர ஒருவர்கூட நேரமாச்சு என்று குரல் கொடுக்கவில்லை.

“இன்னும் ரெண்டு படிதான் அண்ணே” என்றாள்.

இன்னும் பாதிப் படிக்கட்டு இருந்தது.