சத்தம் வராத ஒயர்

நைனாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, மாமா ஒரு மானிட்டரையும் சிபியூவையும் ஆட்டோவில் வைத்துக் கோவளத்துக்கு, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாமா அம்மாவின் தம்பி. பொத்தேரியில் காலேஜ் ஹாஸ்டல்களுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அம்மா அவரை விடாமல் நச்சரித்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உயிரோடு இருந்த அப்பாவின் கடைசி முகம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நைனா போன ஃபைபர் படகு அலையில் கவிழ்ந்து, அதன் முனை அவர் நெஞ்சில் இடித்துவிட்டது. பக்கத்தில் வலை விட்டிருந்த சித்தப்பாவின் படகுதான் அவரைத் தூக்கியது. சித்தப்பா நைனாவோடு கூடப் பிறந்தவர். தூக்கும்போது நைனாவுக்கு உயிர் இருந்தது, பேச்சும் இருந்தது. கரை சேரும்போது இரண்டும் இல்லை. அந்தப் படகில் இருந்த ஒருவன் அதைப் போனில் எடுத்திருந்தான். ஊர்ப் பெரியவர்கள் அதட்டி அழிக்கவைப்பதற்குள் மாமா ஒரு பிரதியை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டார். திறந்து பார்க்க அவருக்கும் மனம் வரவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. லீவு விட்டால் மாமா கடையிலேயே கிடப்பேன். அதனால் ஒயர்களைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு. நீலத் தலை, இரண்டு பக்கமும் திருகு என்றால் விஜிஏ. பழைய காலத்தது, எழுத்தெல்லாம் லேசாகக் கலங்கித் தெரியும். வெள்ளைத் தலை டிவிஐ. அதையும் திருகத்தான் வேண்டும், ஆனால் படம் பளிச்சென்று இருக்கும். எச்டிஎம்ஐக்குத் திருகு கிடையாது. செருகினால் போதும், படமும் சத்தமும் ஒன்றாகவே வந்துவிடும். ஒரு மூலை மட்டும் வெட்டினாற்போல் இருப்பது டிஸ்ப்ளே போர்ட். கேம் ஆடுகிற ஹாஸ்டல் பையன்கள் அதைத்தான் கேட்டு வருவார்கள்.

மாமா முதலில் எச்டிஎம்ஐயைத்தான் செருகினார். அந்த மானிட்டருக்குள்ளேயே ஸ்பீக்கர் இருந்தது.

"ஒரு தபா ஓட்டிப் பாத்துடறேன்க்கா, அப்பால உன்ன கூப்புடறேன்" என்று அம்மாவை வெளியே உட்காரவைத்தார். என்னை டீ வாங்கிவர விரட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் டீயோடு திரும்பியபோது எச்டிஎம்ஐ சுருண்டு பைக்குள் போயிருந்தது. மாமா தரையில் மண்டியிட்டு நீலத் தலை ஒயரைத் திருகிக்கொண்டிருந்தார். திருகு பிடிக்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. நல்ல ஒயரைக் கழற்றிவிட்டு மட்டமானதை ஏன் மாட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மா உள்ளே வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். படம் ஓடியது. நைனா படகுக்குள் சாய்ந்து கிடந்தார். உதடு கறுத்திருந்தது. அவருக்குப் பின்னால் யாருடைய கைகளோ எதையோ இழுத்துக்கொண்டிருந்தன. நைனா ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

"சத்தம் வர்லியேடா?"

"இந்த ஒயர்ல படம் மட்டுந்தான்க்கா வரும்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "எச்டிஎம்ஐ போட்டா சத்தமும் வருமே மாமா! பையிலதான கீது?"

"அது போயிடுச்சு. கம்னு கெட."

அதுவரை மாமா என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. அம்மா என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "இன்னாடா கேக்குறாரு?" என்றாள்.

"தண்ணி கேக்குறாருக்கா. குடுத்தாங்களாம்."

அம்மா மறுபடியும் ஓட்டச் சொன்னாள். அதற்கப்புறமும் ஒருமுறை. அப்போது நகர்ந்து நகர்ந்து திரைக்கு மிக அருகே போய்விட்டாள். அழவில்லை. "போதும், நிறுத்து" என்று எழுந்து போய்விட்டாள். நைனாவின் குரலை மாமா வேண்டுமென்றே கொடுக்காமல் வைத்துக்கொண்டார் என்று எனக்கு ஆத்திரம். வெகுநாள் அவர் கடைப் பக்கமே போகவில்லை.

போன வருஷம் மாமா கடையைக் காலி செய்தபோது ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை என்னிடம் கொடுத்தார். அதில் அந்த வீடியோவும் இருந்தது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

"வலைய உட்டுட்டுப் போடா. மூச்சு முட்டுதுடா."

"தோ ஆச்சுண்ணா. வலைய ஏத்திக்கினு போயிடலாம், கொஞ்சம் பொறு."

இரண்டாவது குரல் சித்தப்பாவுடையது. பேச்சு அவ்வளவுதான். அதே கெஞ்சல், அதே பதில், திரும்பத் திரும்ப. நைனாவின் குரல் மட்டும் தேய்ந்துகொண்டே போனது. இவ்வளவு பேசுகிறவர் செத்தா போவார் என்று சித்தப்பா நினைத்திருக்கலாம்.

மாமாவுக்குப் போன் செய்தேன். கேட்டதைச் சொன்னேன். "வேற இன்னா பண்ண சொல்ற?" என்றார். "உங்க சித்தப்பா படகுல வந்த மீனுதான் உங்க மூணு பேருக்கும் சோறு போட்டுச்சு. தெரிஞ்சிருந்தா அக்கா அந்த மீன கையால தொட்டிருக்குமா?"

அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது என்றே மாமா இன்னும் நம்புகிறார். அம்மாவைக் கேட்கலாம் என்றால் அவளும் இப்போது இல்லை. ஆனால் அவள் பிழைப்பே கரையில் மீன் ஏலம் எடுத்துத் திருப்போரூருக்குக் கொண்டுபோய் விற்பது. அலை இரைச்சலில், படகு கரை தட்டுவதற்கு முன்பே, அதிலிருப்பவர்களின் வாயசைவைப் பார்த்து என்ன மீன், எவ்வளவு என்று சொல்லிவிடுவாள்.

படத்தைக் காட்டிவிட்டு மாமா கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போன அன்று சாயங்காலம் சித்தப்பா பெரிய சங்கரா மீன்களோடு வந்தார். "அண்ணி, இனிமே நம்ம போட்ல வர்றதுல உங்களுக்கும் ஒரு பங்கு" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். அம்மா குனிந்த தலை நிமிராமல் மீனை வாங்கிக்கொண்டாள். குழம்பு வைத்து எனக்கும் தம்பிக்கும் போட்டாள். தன் தட்டில் வெறும் சோற்றைப் போட்டு மோரை ஊற்றிக்கொண்டாள்.

"நீ துன்னலியாம்மா?"

"எனக்கு வாணாம். நீ துன்னு."

புருஷன் போன துக்கத்தில் மீனை விட்டுவிட்டாள் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளுக்கென்று சட்டியில் கிடந்த துண்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சித் தின்றேன்.