சீனியும் மாசியும்

எங்கள் வாப்பாவுக்குச் சம்மாந்துறையில் நெல்லுக் கடை. நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். ஆகவே வாப்பாவின் உழைப்பில் பாதி எலிகளோடு சண்டை பிடிப்பதிலேயே போனது. பொறி, பசைத்தட்டு, மருந்து, பூனை என்று எல்லாவற்றையும் பார்த்துக் களைத்தவர் அவர். உம்மா வேறு வகை. எலி என்ற சொல்லைக் கேட்டாலே கால்களைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொள்வார். இப்படிப்பட்ட இரண்டு பேரின் வீட்டில்தான், நான் காக்கா என்று கூப்பிடும் என் அண்ணன் இரண்டு எலிகளை இரண்டரை வருடங்கள் வளர்த்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, காக்காவுக்கு இருபது. உயர்தரப் பரீட்சை இரண்டாவது தடவையும் சரிவராமல் போனதிலிருந்து அவர் அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. யாரோடும் கதைப்பதும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் "பிறகு" என்ற ஒரு சொல்தான் வரும். பள்ளிக்கூடமும் இல்லை, பாடமும் இல்லை, நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கலாம் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

இப்படியே ஐந்து மாதங்கள் போன பிறகு, கட்டாருக்கு வேலைக்குப் போகவிருந்த அவருடைய கூட்டாளி ஒருவர் பயணம் சொல்ல வந்தார். கையில் ஒரு கிளிக்கூடு. உள்ளே கொழும்பில் வாங்கிய இரண்டு எலிக்குஞ்சுகள். ஒன்று முழு வெள்ளை. மற்றதுக்குத் தலை மட்டும் மண்ணிறம்.

"இதுகள வேற ஆருக்கிட்டயும் குடுக்க மனமில்ல மச்சான். நீதான் எந்த நேரமும் வீட்ட இரிக்காய்" என்று சொல்லிக் கூட்டை விறாந்தையில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

உம்மா கதிரையில் ஏறி நின்றார். "யா அல்லாஹ்! ஒண்டில் அதுகள் இந்த வீட்டுல இரிக்கணும், இல்லாட்டி நான் இரிக்கணும்!"

வாப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து கூட்டைக் குனிந்து பார்த்தார். "நான் அங்க மருந்து வெச்சிக் கொல்றன். நீ இஞ்ச கூடு வெச்சி வளக்கப் போறயா?"

காக்கா கூட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார். விடிந்ததும் எலிகள் வெளியேற வேண்டும் என்பது உம்மாவின் கட்டளை. ஆனால் விடிந்ததும் உம்மாவே, "சரி, இருந்துட்டுப் போகட்டும். கூடு மட்டும் அந்த அறைய விட்டு வெளிய வரப்படாது" என்றார். எலிகளின் அழகில் உம்மாவும் மயங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைக்குச் சீனி என்றும் மண்ணிறத் தலைக்கு மாசி என்றும் பெயர் வைத்தது நான்தான். சமையலறையில் சீனிப் போத்தலும் மாசிக் கருவாட்டுப் போத்தலும்தான் எனக்குப் பிடித்தவை. அவற்றின் முன்கால்கள் பிறந்த பிள்ளையின் கைகளைப் போல இளஞ்சிவப்பு. ஒரு சோற்றுப் பருக்கையைக் கொடுத்தால் இரண்டு கைகளாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, பிறகுதான் கடிக்கும். சாப்பிட்டு முடிந்ததும் கைகளை நக்கி முகத்தைக் கழுவும், காதுக்குப் பின்னால் தேய்க்கும். பிறகு ஒன்று மற்றதின் கழுத்தைச் சுத்தம் செய்துவிடும். வாசலில் நின்று இதைப் பார்த்த வாப்பா, "நம்மட வீட்டுல தொழுகைக்குப் போற மாதிரி ஒழுங்கா ஒளு எடுக்கிற ஆக்கள் இதுகள்தான்" என்றார்.

எலி வளர்ப்பதற்குப் பல சாமான்கள் தேவைப்பட்டன. அதனால் காக்கா வெளியே வரவேண்டியதாயிற்று. வெள்ளரிக்காய் வாங்க ஒருநாள், கச்சான் கடலை வாங்க ஒருநாள். ஒருநாள் சமையலறைக்கு வந்து, "உம்மா, பழைய சாரன் துண்டு ஏதும் இரிக்கா?" என்று கேட்டார். உம்மா உடனே அலுமாரியைத் திறந்து ஒரு சாரனை எடுத்து நாலாகக் கிழித்துக் கொடுத்தார். அது பழைய சாரன் இல்லை. பெருநாளைக்கு வாப்பா உடுத்தது. நான் வாயைத் திறக்கப் பார்த்தேன், உம்மா கண்ணைக் காட்டி அடக்கிவிட்டார்.

கிளிக்கூடு போதாமல் போனபோது காக்கா பெரிய கூடொன்று செய்யத் தொடங்கினார். பலகைக்கு எங்கே போவது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்க, வாப்பா கடையிலிருந்து நாலு பலகைகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டார். மூன்று தட்டு, ஏணி, ஊஞ்சல் எல்லாம் வைத்த வீடு அது. எங்களுக்கே மேல்மாடி இல்லாத காலம்.

மாசி பெரிய கள்ளி. கூட்டைத் திறந்துவிட்டால் அகப்பட்டதை இழுத்துக்கொண்டு போய்ப் பதுக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்பட்ட வாப்பாவின் தொப்பியைக் காணவில்லை. வீடெல்லாம் தேடினோம். கடைசியில் அது எலிக் கூட்டின் மேல்தட்டில் கிடந்தது. அதற்குள் சீனி சுருண்டு படுத்து நித்திரை. மாசி பக்கத்தில் காவல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாப்பா நெடுநேரம் பார்த்தார்.

"எழுப்பாதீங்க. எனக்கிட்ட வேற தொப்பி இரிக்கி" என்றார்.

காக்கா சிரித்துவிட்டார். முதலில் அடக்கப் பார்த்து, முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உம்மா கையில் அகப்பையோடு ஓடிவந்து வாசலில் நின்றார். எலிகளைப் பார்க்கவேயில்லை, காக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அகப்பையிலிருந்து ஆணம் நிலத்தில் சொட்டியது.

இரண்டாவது வருடம் மாசியின் கையடியில் ஒரு கட்டி வந்தது. தேசிக்காய் அளவுக்குப் பெருத்ததும் காக்கா அதைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். நானும் போனேன். அங்கே எல்லோரும் மாடும் ஆடுமாக வந்திருந்தார்கள். ஆட்டைப் பிடித்திருந்த ஒரு பெரியவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "எலிக்கு வைத்தியமா? அல்லாஹ்வே!" என்று சத்தமாகச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆட்களைக் கண்டாலே ஒதுங்குகிற காக்கா, நிமிர்ந்து அவரைப் பார்த்து, "ஓம் மாமா. இதுக்கும் நோகும்தானே" என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் வாங்கில் தள்ளி இருந்து எங்களுக்கு இடம் விட்டார்.

டொக்டர் ஒரு பெண். மாசியை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தித் தடவிப் பார்த்தார். "வயசு போயிட்டு தம்பி. வெட்டினாத் தாங்காது. நோகாம இரிக்க மருந்து தாறன்" என்றார். பிறகு மாசியின் உரோமத்தையும் நகங்களையும் பார்த்துவிட்டு, "நல்லா வெச்சிருக்கீங்க. நீங்க என்ன செய்யிறீங்க?" என்று கேட்டார்.

"ஒண்டும் செய்யல்ல."

"இதென்ன, ஒண்டும் இல்லாததா?" என்றவர், கால்நடை வளர்ப்புக்கு ஒரு டிப்ளோமாப் படிப்பு இருப்பதாகச் சொல்லி, விவரத்தை மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

மாசி ஆறு கிழமைகள் இருந்தது. ஒரு பின்னேரம் காக்காவின் கைக்குள் பல்லை மெதுவாக நறுநறுவென்று அரைத்துக்கொண்டு கிடந்தது. சந்தோஷமாக இருந்தால் எலிகள் அப்படிச் செய்யும் என்று காக்கா எனக்குச் சொன்னார். அந்தச் சத்தம் நின்றபோது அது மௌத்தாகியிருந்தது. சீனி இரண்டு நாட்கள் தட்டுத் தட்டாக ஏறி இறங்கித் தேடியது. மூன்றாம் நாள் மாசி படுக்கும் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து, காக்கா விண்ணப்பித்திருந்த டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. தூரத்தில் படிப்பு, விடுதியில் தங்க வேண்டும். சீனிக்குப் பின்னங்கால்கள் இழுக்கத் தொடங்கியிருந்தன. காக்கா கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். "இத இப்பிடி விட்டுட்டு எப்படிப் போற? அடுத்த வருசம் பாப்பம்."

"அடுத்த வருசமெல்லாம் இல்ல. நீ போ மனே. நான் பாக்கன்" என்றார் உம்மா.

நாங்கள் மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அதுவரை அவர் எலியைத் தொட்டதேயில்லை.

காக்கா போன அன்று உம்மா கைக்கு ஒரு சொப்பிங் பையைச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிஸ்மி சொல்லிச் சீனியைத் தூக்கினார். ஒரு கிழமையில் பை போய்விட்டது. பேரீச்சம்பழத்தைப் பாலில் கரைத்து விரல் நுனியில் ஊட்டினார். ஈரத் துணியால் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டார். கீரை ஆயும்போது மடியில் ஒரு துண்டை விரித்துப் படுக்க வைத்துக்கொள்வார். காக்கா தினமும் கோல் எடுத்து முதலில் சீனியைத்தான் விசாரிப்பார். பிறகு விடுதிச் சாப்பாடு, வகுப்பு, அன்றைக்குத் தான் பிரசவம் பார்த்த பசு என்று கதை நீளும். உம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஓம்... ஓம்... பிறகு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

நாலு மாதம் கழித்து அந்த மடியிலேயே சீனியும் போனது. கிடங்கு வெட்டியது வாப்பா. எத்தனையோ எலிகளை வாலில் பிடித்து வீசிய மனிதர், மாமரத்தடியில் வியர்க்க வியர்க்க வெட்டினார். "ஆழமா வெட்டணும். நாய் கிளறிப்போடும்" என்றார். உம்மா முந்தானையால் முகத்தை மூடி அழுதார். "ஒரு எலிக்கா உம்மா இப்பிடி அழுறீங்க?" என்று நான் சிரித்தேன்.

காக்கா இப்போது ஊருக்கு ஊர் போய் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறார். போன வருடம் என் கலியாணத்துக்காக வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். அவருடைய பழைய அறைக் கதவின் உள்பக்கத்தில், தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில், நாலு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. துளைகளை மூடவா என்று பெயின்ட் அடிப்பவர் கேட்டார். நான் உம்மாவிடம் போய், தாழ்ப்பாளுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"நான்தான் கழட்டின" என்றார் உம்மா. "ரிசல்ட் வந்து மறுநாள். அவன் குளிக்கப் போன நேரத்துல. உள்ளுக்குப் பூட்டிட்டு என்னத்தையாவது செஞ்சிக்குவானோ எண்டு பயம்."

அந்தக் கதவு பூட்டுப்படாது என்பது சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். எலிகளைப் பார்க்க ஆசைப்பட்ட நேரமெல்லாம் தட்டாமல் கொள்ளாமல் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம். எவ்வளவு நல்ல கதவு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.